அரிசி மேல் விழும் வெளிச்சம்: புதுவயல் ஆலைக்கு ஒளிக்கருவி என்ன சொல்லும்?

புதுவயலை நெருங்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். காரைக்குடியில் இருந்து அறந்தாங்கி போகிற சாலையில், கண்டனூரை ஒட்டி இருக்கிற ஊர். சிவகங்கை மாவட்டத்தில் அரிசி ஆலைக்குப் பேர்போனது. நெல் அவிகிற ஆவியின் வாசனை ஊருக்கு முன்னாலேயே வந்து நம்மை எதிர்கொள்ளும். அங்கே ஒரு மண்டியில் தரகர் ஒருவர் அரிசி பார்ப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்தேன். சாக்கில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்த்த விரலைத் திருப்பிப் பார்த்தார். தவிடு ஒட்டியிருக்கிறதா என்று. வாசல் வெளிச்சத்துக்குக் கையை நீட்டி, நொய் எவ்வளவு, வயிறு வெளுத்த மணி எவ்வளவு என்று கண்ணாலேயே கணக்குப் போட்டார். கடைசியில் ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். கடுக்கென்று சத்தம். "காய்ச்சல் சரியா இருக்குண்ணே, ஆனா புதுசு" என்றார். எல்லாம் சேர்த்துப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

அந்தப் பத்து விநாடியில் அவர் ஈரம், தீட்டிய அளவு, உடைசல், வயது என்று நான்கு சோதனை செய்துவிட்டார். இதே வேலையை அரிசியின் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சி, திரும்பி வருகிற ஒளியைப் படித்துச் செய்கிற கருவிகள் உலகத்தின் பல அரிசி ஆய்வகங்களிலும் பெரிய ஆலைகளிலும் இருக்கின்றன. ஒரு கிண்ணம் அரிசியைக் கொட்டி மூடினால் ஒரு நிமிடத்துக்குள் ஈரம் இவ்வளவு, புரதம் இவ்வளவு, அமைலோஸ் இவ்வளவு என்று எண் வந்துவிடும். அரைக்க வேண்டாம், அமிலம் ஊற்ற வேண்டாம், சோதித்த அரிசியை அப்படியே திரும்பச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம்.

கேட்க மந்திரம் போல இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். நம் பக்கத்து அரிசிக்கு இது ரொம்ப முக்கியம். ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊஞ்சலும் தாளமும்

1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷெல் என்கிற வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் சூடு ஏறியது. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று அங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரியவந்தது. அதையே அகச்சிவப்பு என்கிறோம். அதில் சிவப்புக்கு மிக அருகில் இருக்கிற பகுதி, ஏறத்தாழ 780 முதல் 2500 நானோமீட்டர் வரை, அண்மை அகச்சிவப்பு. அரிசிக்கு வேண்டியது பெரும்பாலும் இந்தப் பகுதிதான்.

இந்த ஒளி அரிசியில் என்ன செய்கிறது? எங்கள் பக்கத்து வீடுகளில் ஊஞ்சல் தொங்கும். சிறுபிள்ளையாக அதைத் தள்ளிப் பழகிய எல்லோருக்கும் ஒன்று தெரியும். அது வந்து போகிற தாளத்துக்குத் தள்ளினால் விரல் நுனி போதும், ஊஞ்சல் எழும்பும். தாளம் தப்பினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஏறாது. மூலக்கூறுக்குள் இருக்கிற அணுப் பிணைப்புகளும் இப்படித்தான் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒரு தாளத்தில், புரதத்தில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வேறொரு தாளத்தில், எண்ணெயில் கார்பனும் ஹைட்ரஜனும் இன்னொரு தாளத்தில். ஒளியும் ஓர் அலைதான். அதன் தாளம் எந்தப் பிணைப்போடு ஒத்துப் போகிறதோ, அந்தப் பிணைப்பு அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும். ஒத்துப் போகாத ஒளி சிதறித் திரும்பிவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பிணைப்புகளின் சொந்தத் தாளம் அண்மை அகச்சிவப்பில் இல்லை. இன்னும் தள்ளி, 3000 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது. அங்கே உறிஞ்சல் மிகப் பலமானது. தானியத்தின் மேல்தோலிலேயே ஒளி எல்லாம் தீர்ந்துபோகும். அண்மை அகச்சிவப்பில் நடப்பது இரட்டைத் தாளமும், இரண்டு தாளங்கள் சேர்ந்த கூட்டுத் தாளமும். இரட்டைத் தாளம் என்பது ஊஞ்சல் ஒரு தடவை போய்வருவதற்குள் இரண்டு தடவை தட்டுவது மாதிரி. அதற்கும் கொஞ்சம் ஆடும், ஆனால் லேசாகத்தான். அந்த லேசுதான் நமக்குச் சாதகம். கொஞ்சமாகவே உறிஞ்சப்படுவதால் ஒளி மணிக்குள் நுழைந்து, அடுத்த மணிக்குத் தாவி, அங்கிருந்தும் சிதறி, உள்விவரத்தோடு வெளியே வருகிறது. முழு அரிசியை அப்படியே வைத்து அளக்க முடிவது இதனால்தான்.

திரும்பி வருகிற ஒளியை ஒரு வெள்ளைத் தகட்டில் இருந்து திரும்புகிற ஒளியோடு ஒப்பிட்டு, எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைந்தது என்று கருவி ஒரு வளைகோடாக வரைகிறது. தண்ணீர் 1450, 1940 நானோமீட்டர் பக்கத்தில் மேடு கட்டும். மாவுச்சத்து 2100 பக்கம். புரதம் 2180 பக்கம். எண்ணெய் 1725ஐ ஒட்டியும் 2310ஐ ஒட்டியும். 1960களில் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்ல் நாரிஸ் என்கிற பொறியாளர், தானியத்தின் ஈரத்தை இப்படி ஒளியால் அளக்கலாம் என்று காட்டினார். இந்தத் துறையே அவர் கையில் வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

நம் கொள்முதல் நிலையங்களில் பார்க்கிற ஈரப்பதமானி இது இல்லை, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே நெல்லைக் கொட்டி 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிற சின்னக் கருவி மின்சாரத்தை வைத்து வேலை செய்வது; தண்ணீர் கூடினால் தானியத்தின் மின் குணம் மாறும் என்கிற கணக்கு. அதற்கு ஈரம் ஒன்றுதான் தெரியும். ஒளிக்கருவிக்கு ஒரே பார்வையில் பல விஷயம் தெரிகிறது.

கருவிக்குப் பாடம் யார் நடத்தினார்கள்?

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். மேலே சொன்ன மேடுகள் தனித்தனியாக நிற்பவை இல்லை. எல்லாம் அகலமானவை, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடப்பவை. தீட்டிய அரிசியில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தெட்டுப் பங்கு மாவுச்சத்து, பன்னிரண்டு பதின்மூன்று ஈரம், ஆறு முதல் எட்டு வரை புரதம், எண்ணெய் ஒன்றுக்கும் கீழே. மாவுச்சத்தும் தண்ணீரும் கட்டுகிற மேடுகளுக்குப் பக்கவாட்டில் புரதம் ஒரு சின்னத் திண்ணை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வளைகோட்டை வெறுங்கண்ணால் பார்த்து எவராலும் "புரதம் 7.2" என்று சொல்ல முடியாது.

அதனால் கருவிக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. நூறு, இருநூறு அரிசி மாதிரிகளைச் சேகரிப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒளியில் வைத்து வளைகோட்டைப் பதிவு செய்வார்கள். அதே மாதிரிகளைப் பழைய வேதிமுறையிலும் சோதிப்பார்கள். ஈரத்துக்கு அடுப்பில் உலர்த்தி எடை பார்ப்பது. புரதத்துக்கு, டென்மார்க்கில் ஒரு பீர் ஆலை ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883இல் கண்டுபிடித்த நைட்ரஜன் சோதனை; அரிசியில் கிடைக்கிற நைட்ரஜனை 5.95ஆல் பெருக்கினால் புரதம். அமைலோஸுக்கு அயோடின். பிறகு கணினியில், இந்த வளைகோடுகளில் எந்த ஏற்ற இறக்கம் இந்த எண்ணோடு சேர்ந்து நடக்கிறது என்று தேடிப் பிடிக்கிற கணக்கு. பி.எல்.எஸ். என்று ஆய்வகத்தில் சொல்வது அதைத்தான். மணி பெரிதாக இருந்தால் ஒளி ஒரு மாதிரி சிதறும், சிறிதாக இருந்தால் வேறு மாதிரி. அந்த வித்தியாசத்தைக் கழிக்க இன்னும் சில கணக்குகள் உண்டு.

இத்தனையும் முடிந்த பிறகுதான் கருவி புது அரிசிக்கு எண் சொல்லும். சொல்கிற எண் அளந்தது இல்லை, தான் படித்த இருநூறு அரிசியோடு ஒப்பிட்டுக் கணித்தது. படித்த கூட்டத்தில் இல்லாத அரிசி வந்தால்? அப்போதும் ஒரு எண் சொல்லும். தசம புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு, தயங்காமல் சொல்லும். நல்ல மென்பொருள் "இது எனக்குப் பழக்கமில்லாத மாதிரி" என்று எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்துவிட்டு வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் வலியுறுத்துவது இதைத்தான். கருவியை எங்கே செய்தார்கள் என்பதைவிட, அது எந்த அரிசியைப் பார்த்துப் படித்தது என்பது பெரிய கேள்வி. வெளிநாட்டில் பச்சரிசியில் படித்துவிட்டு வந்த கருவியிடம் நம் புழுங்கல் அரிசியைக் கொடுத்தால், அது சொல்கிற எண்ணுக்கு மதிப்பு குறைவு.

செட்டிநாட்டுச் சாப்பாட்டில் ஒரு அமைலோஸ் ஏணி

அமைலோஸ் என்கிற சொல்லை விளக்காமல் வந்துவிட்டேன். மாவுச்சத்து இரண்டு வகைச் சங்கிலிகளால் ஆனது. கிளை ரொம்பக் குறைவாக, நீளமாகப் போவது அமைலோஸ். மரம் மாதிரி கிளைவிட்டு அடர்வது அமைலோபெக்டின். சோறு உதிரியாக வருமா, குழைந்து ஒட்டுமா என்பதில் பெரும்பங்கு இந்த இரண்டின் விகிதத்துக்கு. அமைலோஸ் 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒட்டரிசி. 20 வரை குறைவு, 20 முதல் 25 வரை நடுத்தரம், 25க்கு மேலே அதிகம் என்று அரிசி ஆய்வாளர்கள் வகை பிரிக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டுச் சமையலை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஏணி மாதிரி அடுக்கிவிடலாம். அடிப்படியில் கவுனி அரிசி. ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் கரண்டியோடு ஒட்டி வர வேண்டும். மேல் படியில் இடியாப்பம். அதற்கு அமைலோஸ் கூடின பச்சரிசி வேண்டும்; வெந்து ஆறும்போது நீளச் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று கெட்டியாகச் சேர்வதால்தான் இழை இழையாக நிற்கிறது. நடுவில் சாப்பாட்டுப் பொன்னி, பி.பி.டி. வகையறா. இட்லிக்கு ஏ.டி.டி. 37 மாதிரி குண்டு ரகம். வெள்ளைப் பணியாரம் தனி ரகம். ஒரு படி பச்சரிசி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குமித்து, ஊறவைத்து வெண்ணெய் போல் அரைத்து ஊற்றுவது. அரிசி மாறினால் எண்ணெய் குடிக்கும், நடுவில் எழும்பாமல் தட்டையாகக் கிடக்கும். என் அப்பத்தா புது அரிசி வாங்கினால் முதலில் ஒரு ஆழாக்கு மட்டும் ஊறப்போட்டு, நாலே நாலு பணியாரம் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் விசேஷத்துக்கு அளந்து கொடுப்பார். அவருடைய மாதிரிச் சோதனை அது.

சரி, ஒளிக்கருவி அமைலோஸை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கேதான் அதற்குக் கடினம். தண்ணீருக்கும் புரதத்துக்கும் தனித்தனிப் பிணைப்பு இருக்கிறது. அமைலோஸும் அமைலோபெக்டினும் இரண்டுமே குளுக்கோஸால் கட்டப்பட்டவை. செங்கல் ஒன்றே, வீடு கட்டிய விதம்தான் வேறு. கிளைவிடுகிற இடத்துப் பிணைப்பில் இருக்கிற சின்ன வித்தியாசம், சங்கிலிகள் அடுக்கப்பட்டிருக்கிற ஒழுங்கு, இவற்றின் சாயலை வைத்துத்தான் கருவி கணிக்கிறது. அதனால் ஈரத்தையும் புரதத்தையும் சொல்கிற உறுதியோடு அமைலோஸைச் சொல்ல முடிவதில்லை. 24 என்று அது சொன்னால் ஒன்று இப்படியோ அப்படியோ இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. ரகம் பிரிக்க அது போதும். எல்லைக்கோட்டில் இருக்கிற அரிசிக்குப் போதாது.

பாடம் நடத்துகிற ஆசிரியரிடமும் சிக்கல் உண்டு. அமைலோஸுக்கு அடிப்படையான அயோடின் சோதனையில் ஒரே அரிசிக்கு ஒவ்வொரு ஆய்வகமும் வேறு வேறு எண் சொல்வது நெடுங்காலத் தலைவலி. ஒரே ஆய்வகம் திரும்பத் திரும்பச் செய்தால் ஒரே விடை வரும். அடுத்த ஆய்வகத்தில் வேறு விடை. ஆசிரியரின் பிழை மாணவனுக்குப் போகும் என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

அந்த அயோடின் சோதனையின் சாரத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், நான் செய்தேன். ஒரு கடையில் கவுனி என்று வாங்கிய அரிசி எவ்வளவு வேகவைத்தும் ஒட்டவில்லை. உதிரி உதிரியாக, கறுப்புச் சோறு மாதிரி நின்றது. வீட்டில் பழைய டப்பாவில் நன்றாக ஒட்டுகிற கவுனி கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டிலும் சில மணிகளை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டினேன். மேல்தோலின் கறுப்பு கலக்காமல் உள்மாவு தெரிய வேண்டும் என்பதற்காக. வெள்ளைத் தட்டில் வெட்டுமுகம் மேலே இருக்கும்படி வைத்து, மருந்துக் கடையில் வாங்கிய டிஞ்சர் அயோடினைத் தண்ணீர் விட்டு இளக்கி ஆளுக்கொரு சொட்டு. பழைய டப்பா மணியின் வெட்டுமுகம் செம்பழுப்பாக, காவிக் கட்டி நிறத்துக்கு வந்தது. கடையில் வாங்கியது சில விநாடியில் கருநீலம். அமைலோஸின் நீளச் சங்கிலி அயோடினைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் வருகிற நீலம் அது. ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை, அதனால் நீலம் வர வழியில்லை. கவுனி என்ற பெயரில் இரண்டு வேறு அரிசி விற்கிறது என்பது எனக்குத் தட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் இதே நிறத்தை 620 நானோமீட்டர் ஒளியில் அளந்து எண்ணாக மாற்றுகிறார்கள். அந்த எண்தான் அகச்சிவப்புக் கருவிக்குப் பாடப்புத்தகம்.

கவுனி நம் பக்கம் வந்த வழி பர்மா வழி என்பதுதான் நகரத்தார் வீடுகளில் சொல்லிவரும் வரலாறு. ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாததால், கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1937 வாக்கில் 25 சதவீதம் ஆனது. அதன் பின்விளைவுகள் தனிக்கதை. அந்த நிலத்தோடு இருந்த உறவு அறுந்துபோனாலும் அந்த அரிசி மட்டும் கல்யாண வீட்டுப் பந்தியில் தங்கிவிட்டது.

கவுனியில் இன்னொரு விஷயம். தீட்டிய வெள்ளை அரிசியில் படித்த கருவியிடம் கவுனியைக் கொடுப்பது அதற்குச் சற்றும் தெரியாத பாடத்தில் கேள்வி கேட்பது மாதிரி. கவுனியை யாரும் தீட்டுவதில்லை. தவிட்டுத் தோலோடு இருக்கிறது, எண்ணெயும் நாரும் கூடுதல், ஆந்தோசயனின் என்கிற நிறமி வேறு. அந்த நிறமி கண்ணுக்குத் தெரிகிற பச்சை ஒளியை, 520 நானோமீட்டர் சுற்றுவட்டத்தை, வாங்கிக்கொள்வதால்தான் நமக்குக் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. கவுனிக்கென்று தனியாகப் பாடம் நடத்தினால் ஒட்டும் கவுனி எது, ஒட்டாத கறுப்பரிசி எது என்று பிரிப்பது ஒளிக்கருவிக்குப் பெரிய வேலை இல்லை. வித்தியாசம் அவ்வளவு பெரிது.

புழுங்கலின் மஞ்சள்

புதுவயல் ஆலைகளில் ஒளி ஏற்கெனவே வேலை பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் "சார்டெக்ஸ் அரிசி" என்று கேட்டு வாங்குகிறோமே, அது நிறம் பிரிக்கிற எந்திரத்தில் போய் வந்த அரிசி. சரிவில் வழுக்கி விழுகிற ஒவ்வொரு மணியையும் கேமரா பார்க்கும். கறுத்தது, பழுத்தது, கல், இவை கண்ணில் பட்டதும் காற்றுக் குழல் ஒரு ஊது ஊதித் தள்ளிவிடும். அது நிறத்தை மட்டும் பார்க்கிறது. மணிக்குள் என்ன இருக்கிறது என்பது அதன் வேலை இல்லை.

நிறத்தை மட்டும் நம்பினால் புழுங்கல் அரிசியில் ஏமாந்துபோவோம். பச்சரிசியில் எவ்வளவு தீட்டினோமோ அவ்வளவு வெண்மை, வெண்மைமானி போதும். புழுங்கலில் ஊறல் சூடு, ஊறிய நேரம், அவியல் பலம், இவற்றைப் பொறுத்து மணிக்கே ஒரு மஞ்சள் ஏறிவிடுகிறது. அதிகம் அவிந்த அரிசியைச் சரியாகத் தீட்டினாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். ஆலைக்காரர் வெள்ளை வர வேண்டும் என்று மேலும் மேலும் பாலிஷ் போடுவார். போகிறது தவிடு மட்டும் இல்லை, மணியின் சத்தும் எடையும் சேர்ந்து போகிறது. அரசுக்கு அரைத்துக் கொடுக்கிற கணக்கில் நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ வர வேண்டும். ஒரு பாலிஷ் கூடினால் அந்த எண்ணைக் கட்டுவதே பாடு.

அகச்சிவப்பு இங்கே உதவ முடியும். மணியின் மேல் மிச்சமிருக்கிற தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்கு என்று தனி மேடு வளைகோட்டில் இருக்கிறது. நிறம் எப்படி இருந்தாலும் எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துப் பாலிஷை எங்கே நிறுத்தலாம் என்று சொல்லலாம். என் பார்வையில் ஆலைகளுக்கு ஒளிக்கருவியால் கிடைக்கக்கூடிய முதல் லாபம் இதுதான். அமைலோஸ் எல்லாம் அப்புறம்.

ஆனால் மறுபடியும் அதே நிபந்தனை. அவியலில் மாவுச்சத்து ஒரு தடவை கஞ்சியாகி மறுபடி கெட்டிப்பட்டுவிடுகிறது. மணி கண்ணாடி போல ஆகிறது, ஒளி சிதறுகிற விதமே மாறிவிடுகிறது. பச்சரிசிக்கு ஒரு பாடம், புழுங்கலுக்கு ஒரு பாடம் என்று தனித்தனியாக நடத்தியே ஆக வேண்டும். தண்ணீரின் மேடு வெப்பத்துக்கும் நகரும். குளிரூட்டிய ஆய்வகத்தில் படித்த கருவியைச் சித்திரை மாதம் ஆலைக் கொட்டகையில் வைத்தால் ஈரத்தை மாற்றிச் சொல்லும், வெப்பத்தையும் சேர்த்துப் பாடம் நடத்தியிருந்தால் ஒழிய.

ஜப்பானில் 1980களில் இருந்து ருசிமானி என்றே ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அரிசியை ஒளியில் வைத்து, ஈரம், புரதம், அமைலோஸ், கொழுப்பு அமிலம் எல்லாம் கணித்து, கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று ஒரே எண்ணாகத் தருகிறது. புரதம் குறைவாக, அமைலோஸ் குறைவாக, பளபளவென்று ஒட்டுகிற சோறு அங்கே உயர்ந்த ருசி. அந்த மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து நம் அரிசியை அளந்தால் என்ன ஆகும்? மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் பருக்கை பருக்கையாக நிற்கிற அரிசி தோற்றுப்போகும். ருசி என்பது ஒளியில் இல்லை. பாடம் நடத்தும்போது எந்த ஊர் நாக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது என்பதில் இருக்கிறது.

ஒரு சோறு பதமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைக்குப் பொருந்தும். உள்ளே தண்ணீர் கொதித்துக் கொதித்து எல்லாப் பருக்கையையும் ஒரே பாடு படுத்தியிருக்கிறது. சாக்குக்கு இது பொருந்தாது. லாரியில் வந்த 25 கிலோ சிப்பங்களில் மேலடுக்கில் ஒரு ஈரம், அடியில் ஒரு ஈரம். நொய் எல்லாம் குலுங்கி அடிக்குப் போயிருக்கும். கருவியின் கிண்ணத்தில் விழுகிற ஒரு பிடி எங்கே இருந்து எடுத்தது என்பது கருவியின் நுட்பத்தைவிடப் பெரிய பிழையைக் கொண்டுவரும். பல சிப்பங்களில் குத்தி, கலந்து, நாலாகப் பகுத்து, எதிரெதிர் பங்கைச் சேர்த்து, மறுபடி பகுத்து எடுப்பது பழைய முறை. கை வலிக்கும், ஆனால் அதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

இன்றைக்கு உள்ளங்கையில் அடங்குகிற அகச்சிவப்புக் கருவிகளும் விற்கின்றன, கைபேசியோடு இணைத்துக்கொள்ளலாம். லட்சங்களில் விலை போகிற மேசைக் கருவியோடு பார்த்தால் மலிவு. ஆனால் அவற்றில் சில 1000 நானோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியதுமே நின்றுவிடுகின்றன. புரதமும் எண்ணெயும் பலமாகப் பேசுகிற 2100, 2300 எல்லாம் அவற்றின் எல்லைக்கு வெளியே. ஈரம் பார்க்க உதவும். அமைலோஸ் சொல்கிறது என்று விளம்பரம் வந்தால் எந்த அரிசியில், எத்தனை மாதிரியில் சரிபார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

அந்த மண்டித் தரகரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி: "பழசா புதுசான்னு சொல்லுமாண்ணே?"

நம் பக்கத்து வியாபாரத்தில் அதுதான் காசு. ஒரு வருடம் பழகிய அரிசி குழையாது, நிறைய தண்ணீர் வாங்கும், சோறு காணும். அரிசி வைத்திருக்க வைத்திருக்க அதில் மிச்சமிருக்கிற எண்ணெய் உடைந்து கொழுப்பு அமிலம் கூடுகிறது. புரதமும் மாவும் இறுகுகின்றன. இந்திய உணவுக் கழகம் வயது பார்க்க ஒரு நிறச் சோதனை வைத்திருக்கிறது. அரிசியில் கரைசலை ஊற்றினால் புதுசு பச்சையாகவும், நாள்பட்டது மஞ்சளாகி ஆரஞ்சுக்கும் போகும். அமிலம் கூடுவதை நிறத்தால் காட்டுவதுதான் அது. ஒளிக்கருவிக்கும் இந்த மாற்றங்கள் தெரியும், ஆனால் தீட்டிய அரிசியில் மொத்த எண்ணெயே ஒரு சதவீதத்துக்கும் கீழே என்பதால் அதற்குள் நடக்கிற மாற்றம் வளைகோட்டில் மிக மெல்லிய அசைவு. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒரே நெல்லை அரைத்து, ஒரே கிட்டங்கியில் அடுக்கி, மாதா மாதம் எடுத்து ஒளியில் வைத்து, கூடவே உலையிலும் போட்டு, பன்னிரண்டு மாதமும் படிக்க வேண்டும். பொன்னிக்குத் தனியாக, பி.பி.டி.க்குத் தனியாக, பச்சைக்கும் புழுங்கலுக்கும் தனியாக.

அவரிடம், "இப்போதைக்கு உங்கள் அளவுக்குச் சொல்லாது. ஒரு வருடம் உங்கள் கிட்டங்கியில் இருந்து மாதாமாதம் மாதிரி கொடுத்து, நீங்களும் கடித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தால் சொல்லக் கற்றுக்கொள்ளும்" என்றேன். எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டார். மாதத்துக்கு ரகத்துக்கு அரைக் கிலோ போதும் என்றதும், அடுக்கில் தேதி எழுதி வைக்கச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டார்.